குணாவுக்கு மட்டும் வைஃபை இல்லை

சோதனைக்கு இன்னும் நாலு வாரம் இருந்தபோது நான் ஒரு முடிவெடுத்தேன். இந்த நாலு வாரமும் பகல் நேரத்தில் என் வீட்டில் பெண்குரல் கேட்கக் கூடாது.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம் கழித்து ஒருவன் எடுக்கிற முடிவா இது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் இப்போது அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் சிவநேசன். குருண் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கிறேன். அதாவது, முந்நூறு கணினிகள் ஒன்றோடொன்று தடையில்லாமல் பேசிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அங்கே பேச்சை நிறுத்துவதுதான் என் பிரச்சினை.

சோதனை என்றால் ஏட்டில் எழுதுகிற சோதனை இல்லை. கைவேலைச் சோதனை. கோலாலம்பூரில் ஓர் அறையில் எட்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள். ஒரு கம்பெனியின் மொத்த நெட்வொர்க்கையும் உன் கையால் கட்டு, நாங்கள் ஒளித்து வைத்திருக்கும் கோளாறுகளைக் கண்டுபிடித்துத் திருத்து என்பார்கள். இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் கோட்டை விட்டேன். மூன்றாவது முறை தேறினால் எங்கள் நெட்வொர்க் பிரிவுக்கு நான்தான் தலைவன். தேறாவிட்டால் அந்த நாற்காலிக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பதினேழு வருடமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறவன் நான். சேர்த்து வைத்த லீவு அத்தனையையும் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

வீடு கோலா கெத்திலுக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை. கைப்பேசிக்கு லைன் வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே போய் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாமே வீட்டு வைஃபைதான். எங்கள் ஒரே மகள் பிரேமாவதி சபாவில் ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிறாள். அவள் அறையில்தான் என் பழைய ரவுட்டர்களும் சுவிட்சுகளும் இரும்பு அலமாரியில் அடுக்கடுக்காக உறுமிக்கொண்டிருக்கும்.

இரண்டு வருடமாக இந்த வீட்டில் எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். குழாய் ஒழுகுகிறது? சோதனை முடியட்டும். சபாவுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாமா? சோதனை முடியட்டும். என் மனைவி குணா கார் பழகுவதற்காக ஏட்டுச் சோதனை எழுதி 'எல்' லைசன்கூட வாங்கிவிட்டாள். மேற்கொண்டு ஓட்டிப் பழக வேண்டும். அதற்கும் சோதனை முடியட்டும். "என்ன அவசரம்? நான் இருக்கேன்ல?" என்று பெரிய மனதோடு வேறு சொல்லி வைத்திருந்தேன்.

சொன்ன வார்த்தை என்னையே பிடித்தது. நான்தான் இருக்கிறேனே!

லீவின் முதல் நாள் காலை. முதல் ரவுட்டரில் மூன்றாவது கட்டளையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ஏங்க, வெங்காயம் முடிஞ்சிருச்சி. பசாருக்குப் போவணும்."

"நேத்துதானே போனோம்?"

"நேத்து இருந்திச்சி."

போய் வந்தோம். மறுபடியும் மூன்றாவது கட்டளை.

"ஏங்க, கொத்தமல்லி மறந்துட்டேன்."

அதற்குப் பிறகு தொலைக்காட்சி. நாடகத்தில் ஒரு மாமியார் கூவுகிறாள், மருமகள் அழுகிறாள், நடுவில் மத்தளம். நான் கதவைத் திறந்து, "குணா, சத்தத்தக் கொஞ்சம் கொறைலாஹ்" என்றேன்.

"ஒங்க மெஷின் இரைச்சல்ல காது கேக்கல. அதான் கூட்டி வச்சேன்."

"நீ கூட்டி வச்சதாலதான் நான் கதவ மூடினேன்."

"கதவ மூடிட்டீங்கல்ல, அப்புறம் ஒங்களுக்கு ஏன் கேக்குது?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை. அன்று சாயங்காலமே திட்டம் பிறந்துவிட்டது.

வீட்டு வைஃபை முழுக்க என் ரவுட்டர் ஒன்றின் வழியாகத்தான் போகிறது. அதில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். யாரை மட்டும் விடக் கூடாது என்று அதற்குச் சொல்லிவிடலாம். இதற்குத் தடைப் பட்டியல் என்று பெயர். ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். ஒழுங்கான வேலைக்காரன் ஆயிற்றே, விளங்கும்படி வைத்தேன். 'குணா.' அவள் கைப்பேசியும் தொலைக்காட்சியும் உள்ளே. என் கைப்பேசி வெளியே.

அந்த வரியை ரவுட்டரில் சேமித்து வைக்க எனக்கு மனமில்லை. தடயம் என்பது கூடாது. அதனால் தினமும் காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைத் தட்டுவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துவிடுவேன். ஏழு மணிக்குப் பிரேமா அம்மாவை வீடியோவில் கூப்பிடுவாள். அதைக் கெடுக்கிற அளவுக்கு நான் கொடியவன் இல்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் எட்டு மணி ஐந்து நிமிடம்.

"ஏங்க, டிவி சுத்திக்கிட்டே இருக்கு. படம் வரல."

"லைன் கோளாறு. இந்த ஏரியா முழுக்க."

"ஷம்சியா வீட்ல வருதாமே?"

"அது வேற கம்பத்து லைன்."

"பக்கத்து வீடுதானே?"

"வீடு பக்கம். கம்பம் தூரம்."

"ஏன், நீங்க நெட்வொர்க் பாக்குறவருதானே? திருத்த முடியாதா?"

"நான் படிக்கிறது பெரிய நெட்வொர்க், குணா. இது சின்னது."

"பெரிய டாக்டருக்குச் சளிக் காய்ச்சல் தெரியாதா?"

நான் இருமினேன். அவள் என்னைப் பார்த்தாள். என் கைப்பேசியைப் பார்த்தாள். அது மேசைமேல் டிங், டிங் என்று சந்தோஷமாக இருந்தது. பிறகு அடுப்பை அணைத்தாள்.

"அப்ப நான் ஷம்சியா வீட்ல போயி இருக்கவா? லைன் வர்ற வரைக்கும்?"

எனக்கு உள்ளுக்குள் மத்தளம். "போ குணா. நிம்மதியா இரு."

"பகல் பூராவும் போயிட்டா சோறு யாரு ஆக்குறது?"

"நான் பாத்துக்குறேன்."

"அப்புறம் ஏன் போனேன்னு கேக்கக் கூடாது."

"கேக்கவே மாட்டேன்."

ஷம்சியா எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவர் நாகூர் மீரான் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் ஷம்சியாவே வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, குணாக்காவ நான் தினமும் கூட்டிட்டுப் போறேன். ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"தாராளமா கூட்டிட்டுப் போம்மா."

"சாயங்காலந்தான் வருவாங்க."

"சாயங்காலமே வரட்டும்."

"நாலு வாரமும்?"

"நாலு வாரமும்!"

"பாத்துக்கங்க அண்ணே, நீங்களே சொல்றீங்க. நாளைக்கு மாத்திப் பேசக் கூடாது."

மாற்றிப் பேசுவதாவது? நன்றிக்கடனாக ஒரு பை ரம்புத்தான் பறித்துக் கொடுத்தேன். ஷம்சியா அதை வாங்கிக்கொண்டு குணாவைப் பார்த்தாள். குணா ரம்புத்தானைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவ்வளவு பாடுபட்டதை நான் கவனித்திருக்க வேண்டும்.

முதல் வாரம் சொர்க்கம். வெங்காயம் இல்லை, மாமியார் இல்லை, மத்தளம் இல்லை. இரண்டாவது வாரம் மேகி மீ. காலையில் மேகி, மதியம் மேகி. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில் ரவுட்டர் விசிறிகளின் சத்தத்தில் எது எந்த விசிறி என்று எனக்கு அத்துப்படியாகிவிட்டது. ஒரு நாள் கடினமான கோளாறு ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டு, "குணா, முடிச்சிட்டேன்!" என்று கத்தினேன். பதில் இல்லை. ஆளை விரட்டியதே நான்தான் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம் எனக்குப் படிப்பு ஓடவில்லை. இடைஞ்சல் இருந்தபோது ஓடிய படிப்பு இடைஞ்சல் இல்லாதபோது ஏன் ஓடவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த நாட்களில் அவள் சாயங்காலம் வீடு திரும்பும் கோலம் ஒரு தினுசாக இருந்தது. சிலிப்பர் போட்டுக்கொண்டு போகிறவள் மூடிய சப்பாத்து போட்டுக்கொண்டு போனாள். முகத்தில் வெயில் ஏறியிருந்தது.

"நாடகம் பாத்துட்டு வர்ற ஆளு ஏன் இப்பிடிச் சோந்து போயி வர்றே?"

"ரொம்பச் சோகமான நாடகம்."

"வேத்திருக்கே?"

"அவ்ளோ சோகம்."

"சப்பாத்து எதுக்கு?"

"ஷம்சியா வீட்டுத் தரை வழுக்குது."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது அவள் இடது கால் தரையை மெல்ல அமுக்கி, மெல்ல விடும். கால் மரத்துப் போச்சு என்பாள். ஒருநாள் இருவரும் கடைக்குப் போகையில், நான் சந்தியில் திரும்பியதும், "சிக்னல் போடல நீங்க" என்றாள். இருபத்து மூன்று வருடத்தில் சிக்னலைப் பற்றி அவள் பேசியதே இல்லை. நாடகத்தில் ஏதோ விபத்துக் கட்டம் வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். கோளாறு கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் நான்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. அன்று ஆறு மணிக்கு நான் ஒரு பெரிய பயிற்சியின் நடுவில் இருந்தேன். தடையை எடுக்க மறந்துவிட்டேன். ஏழு மணிக்குக் கூடத்திலிருந்து குணாவின் குரல் கேட்டது.

"ஹலோ... ஹலோ... பிரேமா? கேக்குதாம்மா?"

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அங்கேயும் லைன் இல்லை. நான் அவசர அவசரமாகத் தடையை எடுத்தேன். அதற்குள் பிரேமா இரவு வகுப்புக்குப் போய்விட்டாள். அன்றுதான் அவள் முதன்முதலாக ஒரு பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறாள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். தட்டச்சில் நாலு வரி அனுப்பியிருந்தாள். குணா ஈரத் தலையோடு உட்கார்ந்து அந்த நாலு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

 அப்போதே சொல்லியிருக்கலாம். குணா, லைன் கோளாறு இல்லை, நான்தான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன். சோதனை முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டேன். அவளிடம் இரண்டு வருடம் சொன்ன அந்த வாக்கியத்தை முதல் தடவையாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அது எவ்வளவு கேவலமான வாக்கியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தும் மறுநாள் காலை எட்டு மணிக்குத் தடையைத் தட்டினேன். கை பழகிவிட்டது.

சோதனைக்கு முதல் நாள் கோலாலம்பூருக்கு ரயில் ஏறினேன். குணா நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "நிதானமா செய்யுங்க. எல்லாக் கண்ணாடியையும் பாருங்க" என்றாள். கண்ணாடியா? என் மூக்குக் கண்ணாடியைச் சொல்கிறாள் என்று நினைத்து அதைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணி. குளிரூட்டிய அறை. கணினி முன்னால் உட்கார்ந்தேன். நெட்வொர்க்கைக் கட்டத் தொடங்கினேன். விரல்கள் பறந்தன. மதியத்துக்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. நாற்காலி கிடைத்த மாதிரிதான் என்று நினைத்து, சாப்பாட்டு வேளையில் மேனேஜருக்கு என்ன சொல்லலாம் என்றுகூட யோசித்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தால், ஒரே ஒரு கணினி மட்டும் எங்கேயும் போகவில்லை. அந்தக் கற்பனைக் கம்பெனியின் வரவேற்பறைக் கணினி. மற்ற எல்லாம் பேசுகின்றன, அது மட்டும் வாயைத் திறக்கவில்லை. மீதிக் கேள்விகள் எல்லாவற்றையும் அந்தக் கணினியிலிருந்துதான் சரிபார்த்துக் காட்ட வேண்டும். அவர்கள் ஒளித்து வைத்த கோளாறு இதுதான் என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். வழிகளைப் பார்த்தேன். சரி. இணைப்புகளைப் பார்த்தேன். சரி. அவை இரண்டையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அப்படியே இருந்தது. இரண்டு மணி நேரம் போயிற்று. என்ன கெட்டிக்காரத்தனமாக ஒளித்திருக்கிறான் பாவி என்று கேள்வி தயாரித்தவனைத் திட்டினேன்.

முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, முதல் ரவுட்டரில் ஏதாவது தடைப் பட்டியல் இருக்கிறதா என்று சும்மா பார்த்தேன். நான்தான் எதுவும் எழுதவில்லையே?

ஒன்று இருந்தது. பெயர்: குணா.

காலை எட்டு மணிக்கு உட்கார்ந்ததும் என் கை முதல் வேலையாக அதைத்தான் தட்டியிருக்கிறது. சோதனைக்குப் பழக்கமாக இருக்கட்டும் என்று வீட்டிலும் நான் பயிற்சிப் புத்தகத்து நெட்வொர்க் முகவரி எண்களையே வைத்திருந்தேன். வீட்டில் குணாவின் கைப்பேசிக்கு இருந்த முகவரி எண்தான் இங்கே வரவேற்பறைக் கணினிக்கு. யாரும் எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்தவன் நான். தடையை எடுத்தேன். கணினி உடனே பேசியது. மணி அடித்தது.

முடிவு மறுநாள் காலை, ரயிலில் வரும்போதே மின்னஞ்சலில் வந்துவிட்டது. தேறவில்லை. அதற்கு அடுத்து மேனேஜரின் செய்தி. பரவாயில்லை, திங்கட்கிழமை புதுத் தலைவரை அறிமுகம் செய்து வைக்கிறேன் என்றிருந்தது. ஆளை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார். ஈப்போ வரைக்கும் மேனேஜர்மேல் கோபமாக இருந்தேன். அதற்குப் பிறகு மழையில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றவள்தான் ஞாபகத்தில் இருந்தாள். சோதனையில் தோற்றது வேறு. ஆனால் இத்தனை நாள் படித்ததில் என் கை நன்றாகப் பழகிக்கொண்டது அந்தப் பொய்யை மட்டும்தான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் இறங்கினேன். டாக்சி தேடினேன். ஒரு கார் ஹார்ன் அடித்தது. எங்கள் கார். ஷம்சியாதான் ஓட்டி வந்திருக்கிறாள் என்று கிட்டே போனேன். ஓட்டுநர் இருக்கையில் குணா. கண்ணாடியில், புதிதாக லைசன் எடுத்தவர்கள் ஒட்டுகிற சிவப்பு 'பி' ஸ்டிக்கர்.

"ஏறுங்க. இங்க ரொம்ப நேரம் நிப்பாட்டக் கூடாது."

ஏறினேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், திரும்பிப் பார்த்தாள், பிறகு எடுத்தாள். நான் இருபத்தைந்து வருடமாக இந்த நான்கில் ஒன்றைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

"எ... எப்ப?"

"நேத்து ஒம்பது மணிக்கு. நீங்க எட்டு மணிக்கு ஒக்காந்தீங்க, நான் ஒம்பது மணிக்கு ஒக்காந்தேன். மேடு ஏறணும், பார்க்கிங் போடணும், ரோட்டுல ஓட்டிக் காட்டணும். மொதத் தடவையே பாஸ்."

"அப்ப ஷம்சியா வீடு? நாடகம்?"

"காலைல ஷம்சியா கார் ஓட்டப் பழக்குற பள்ளியில எறக்கி விடுவா. மதியானம் அவங்க காடிய எடுத்து அவளோட ஓட்டிப் பழகுவேன். நாடகத்துக்கு நேரமே இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, சோதனை முடியட்டும்னு சொல்லியிருப்பீங்க."

அவள் ஒரு சந்தியைத் தாண்டினாள். பிறகு சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தோற்றதை, நாற்காலி போனதை, அவள் பெயர் போட்ட தடையை, அது கோலாலம்பூர் வரைக்கும் என் விரலில் வந்ததை.

"லைன் கோளாறு இல்ல குணா. நான்தான் வெட்டினேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்பருந்து?"

"மொத நாளே. வீட்டுக்கே லைன் இல்லன்னீங்க. ஒங்க போனு மட்டும் டிங் டிங்குன்னு அடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சி. அதுக்கு ஒரு சோதனை எழுதணுமா?"

பதினேழு வருட அனுபவசாலியான நான் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன்.

"அந்த வியாழக்கிழமை, பிரேமா கூப்பிட்டப்ப... அது தெரியாம நடந்துச்சி குணா. மறந்துட்டேன். மன்னிச்சிரு."

அவள் ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள்.

"அதுக்கு மட்டும் எனக்குக் கோவம் இன்னும் போவல" என்றாள். "மத்ததெல்லாம் சரி. அது சரியில்ல. அடுத்த மாசம் டிக்கெட் போடுங்க. சபாவுக்குப் போறோம். சோதனைன்னு பேசப்படாது."

"போறோம்" என்றேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. தோற்றவனை ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லையே, இவளையா நான் வீட்டை விட்டு விரட்டினேன் என்று கண் கலங்கியது.

முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. குணா கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, அலுங்காமல் அதைத் தாண்டினாள்.

"அடுத்த சோதனை எப்ப?"

"எழுதுறதுன்னா ஆறு மாசம் கழிச்சி எழுதலாம். ஆனா ஒண்ணு, குணா. சத்தியமா இனிமே ஒன் வைஃபைய வெட்ட மாட்டேன்."

அவள் பின்னால் வரும் லாரியைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, அப்பிடியெல்லாம் சத்தியம் பண்ணிராதீங்க. ஆறு மாசத்துல மறுபடியும் வெட்டுங்க. லாரி லைசன் இன்னும் எடுக்கல."